முழு இணைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள், இணைப்பே இல்லை

நாங்கள் மின்சாதனப் பொருட்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறோம். பல வருடங்களாக ஒரே பில்லிங் சாஃப்ட்வேர்தான். ஸ்டாக், லெட்ஜர், வரவேண்டிய பாக்கி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆன்லைனிலும் விற்கலாம் என்று முடிவெடுத்தபோது ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்தார்கள். அவர்களுடைய கொட்டேஷனில் வெப்சைட்டின் தோற்றத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. எனக்கு எது முக்கியமோ அதற்கு ஒரே ஒரு வரி: "தற்போதுள்ள பில்லிங், ஸ்டாக் அமைப்புடன் முழு இணைப்பு." அந்த வரியை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அதே மாதிரி வரியுள்ள கொட்டேஷன் இப்போது உங்கள் மேஜையில் இருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டெமோ பிரமாதமாக இருந்தது. ஒரு லேப்டாப்பில் வெப்சைட், பக்கத்தில் இன்னொன்றில் எங்கள் பில்லிங் திரை. வெப்சைட்டில் ஒரு ஆர்டர் போட்டார்கள். அடுத்த நொடி பில்லிங்கில் ஸ்டாக் ஒன்று குறைந்தது. கண்ணால் பார்த்த பிறகு சந்தேகம் எப்படி வரும்? அந்தத் திரை எங்கள் பில்லிங்கே இல்லை, அதே போலத் தோன்றும்படி அவர்கள் செய்துவைத்த ஒரு பக்கம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் சாஃப்ட்வேர் பழைய பதிப்பு. வெளியிலிருந்து வேறொரு மென்பொருள் அதோடு பேசுவதற்கான வாசல், அதாவது ஏபிஐ, அதில் கிடையாது. முதல் நாளே சர்வரைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள். தெரிந்தே அந்த வரியை எழுதினார்கள் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

எங்களுக்கு விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்துக்கு மூன்று வாரம் முன்பு, "இப்பவே லைவ் போயிடலாம் சார், இந்த சீசனை விட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று அவசரப்படுத்தினார்கள். சோதனைக்கு என்று ஒதுக்கிய நாட்கள் காணாமல் போயின. ஹெர்ஷி என்ற பெரிய சாக்லேட் நிறுவனம் 1999இல் புதிய கணினி அமைப்புக்கு மாறும் வேலையை இப்படித்தான் அவசரப்படுத்தி, ஹாலோவீன் விற்பனைக்குச் சற்று முன்பு ஜூலையில் தொடங்கியது. சரக்கு கிடங்கில் இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திணறியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த கதி என்பதை எனக்கு யாராவது அப்போது சொல்லியிருக்கலாம்.

முதல் வாரமே அடி விழுந்தது. கவுன்டரில் காலையில் விற்றுத் தீர்ந்த பொருளை வெப்சைட் மாலை வரை "இருப்பு உள்ளது" என்று காட்டியது. கையில் ஒன்றுகூட இல்லாத ஒரு மாடலுக்கு 14 பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பினோம். பணத்தைத் திருப்பினாலும் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி எங்களுக்குத் தரும் பேமென்ட் கேட்வே தன் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. அதுவும் எங்கள் தலையில். விசாரித்தால், ஸ்டாக் விவரம் இரவு 1 மணிக்கு ஒரே ஒரு முறை சிஎஸ்வி ஃபைலாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் பட்டியலாக, வெப்சைட்டுக்குப் போகிறது. "சிங்க் ஆகுது சார், தினமும் ஆகுது" என்று அதற்கு விளக்கம் வேறு.

ஒயர் விஷயம் இன்னும் மோசம். பில்லிங்கில் ஒயரை மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறோம், வெப்சைட்டில் ரோல் கணக்கில் விற்கிறோம். ஒரு ரோல் 100 மீட்டர். கிடங்கில் மூன்று ரோல் இருந்தால் பில்லிங் 300 என்று சொல்லும். வெப்சைட் அதை அப்படியே 300 ரோல் என்று எடுத்துக்கொண்டது. ஒரு கான்ட்ராக்டர் 40 ரோல் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டி, வேலையாட்களை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரிடம் பேசிய அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. அளவு மாற்றத்தை யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த ஃபைலை அனுப்பும் முன் யாரோ எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 00451 என்ற பொருள் எண்ணின் முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் உதிர்ந்து 451 ஆனது. 451 என்ற எண்ணில் எங்களிடம் வேறொரு பொருள் இருக்கிறது. மின்விசிறியின் படத்துக்குக் கீழே சுவிட்சின் விலை வந்தது இப்படித்தான். 13 இலக்க பார்கோடுகளை எக்செல் சுருக்கிக் காட்டும். அதே நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். எங்களுக்கும் போயின.

ஆர்டர்கள் எப்படி எங்கள் பில்லிங்குக்குள் வருகின்றன என்பதை நான் கண்டுபிடித்தது தற்செயலாக. மாதக் கணக்கு பார்க்கும்போது ஆன்லைன் பில்களின் பதிவு நேரத்தைக் கவனித்தேன். எல்லாமே காலை 10 மணிக்கும் மாலை ஆறரைக்கும் நடுவில். இரவு 11 மணிக்கு வந்த ஆர்டரின் பில் மறுநாள் காலை 10:10க்கு. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பில்கூட இல்லை. நடுவில் நான்கு நாள் சுத்தமாகக் காலி. அந்த நான்கு நாளும் அவர்கள் அலுவலகத்தில் ஒரு பையன் லீவு. ரிமோட்டில் எங்கள் சர்வருக்குள் நுழைந்து, ஈமெயிலில் வரும் ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தது அவன்தான். அதுவும் என்னுடைய அட்மின் பாஸ்வேர்டில். எங்கள் விலை, எங்கள் பாக்கிப் பட்டியல் எல்லாம் அவன் கண் முன்னே திறந்து கிடந்திருக்கிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்தான்.

"இதுக்குப் பேரா இணைப்பு?" என்று கேட்டேன். "டேட்டா போகுது, வருது சார். ரியல் டைம்னு நாங்க எங்க எழுதிக் கொடுத்தோம்? அது வேணும்னா ஃபேஸ் டூல பண்ணலாம்" என்றார் அவர்களுடைய மேலாளர். ஃபேஸ் டூவுக்கு, அதாவது இரண்டாம் கட்ட வேலைக்கு, தனிக் கட்டணம். கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், தோற்றால் என்ன நடக்கும், எதுவுமே அதில் இல்லை.

கணக்கில் ஏற்பட்ட குழப்பத்தைச் சரிசெய்ய எங்கள் கணக்காளருக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேட்வே பல ஆர்டர்களின் பணத்தை மொத்தமாக, கட்டணம் கழித்து, நாள் தள்ளி வங்கியில் போடும். பில்லிங்கிலோ ஒவ்வொரு ஆர்டரும் முழுத் தொகைக்கு ரொக்க விற்பனையாக ஏறியிருந்தது. எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. பணம் வந்த செய்தியை வெப்சைட் உடனே ஏற்றுக்கொள்ளாவிட்டால் கேட்வே அதை மறுபடி அனுப்பும், அது இயல்புதான். எங்கள் வெப்சைட் அதை இன்னொரு ஆர்டராகப் பதிந்து, ஒரே ஆளுக்கு இரண்டு பார்சல் போனது. சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்குப் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடியதால், ஒன்றாம் தேதி அதிகாலையில் வந்த ஆர்டர்கள் முந்தைய மாதக் கணக்கில் விழுந்தன.

சரி, விலகிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெப்சைட்டின் முகவரியான டொமைன் அவர்கள் பெயரில் பதிவாகியிருந்தது. கேட்வே கணக்கின் அட்மின் ஈமெயில் அவர்களுடையது. வெப்சைட்டின் கோட் அவர்கள் சர்வரில். டொமைனை மாற்றத் தேவையான குறியீட்டைக் கேட்டு நான் அனுப்பிய ஈமெயில்கள் ஒன்பது. கேட்வே கணக்கை மட்டும், நிறுவன ஆவணங்களைக் காட்டி நேரடியாக மீட்டுக்கொண்டோம்.

இப்போது வேறு ஒருவரோடு மறுபடி தொடங்கியிருக்கிறோம். இந்த முறை மென்பொருளைப் பற்றிப் பேசும் முன்பே, நாங்கள் உட்கார்ந்து தாளில் எழுதினோம். ஸ்டாக் எண்ணிக்கைக்கு எந்த அமைப்பு சொல்வது இறுதி? விலைக்கு எது? வாடிக்கையாளர் முகவரியை யார் திருத்தலாம்? பொருள் திரும்பி வந்தால் முதலில் எங்கே பதிய வேண்டும்? ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் எது மாறும்? இந்தக் கேள்விகளுக்கு எங்களிடமே பதில் இல்லாமல் பல நாள் விவாதம் ஓடியது. அந்த விவாதம் முதல் தடவையே நடந்திருக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேரைப் புதிய பதிப்புக்கு மாற்றாமல் உடனடி இணைப்பு முடியாது என்று புதியவர் முதல் சந்திப்பிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

டெமோவையும் எங்கள் டேட்டாபேஸின் நகலில்தான் செய்யச் சொன்னோம். ரோல், மீட்டர், பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் என்று தொல்லை தரும் 30 பொருட்களைப் பொறுக்கிக் கொடுத்தோம். ஆர்டர் பாதியில் இருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். கடைசி ஒரு பொருளை இரண்டு போனில் ஒரே நேரத்தில் வாங்கிப் பார்த்தோம். இவை அத்தனையும் தேறிய பிறகுதான் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. டொமைன், கேட்வே, சர்வர் மூன்றும் எங்கள் பெயரில், எங்கள் ஈமெயிலில். அவர்களுக்குத் தனி லாகின், தேவையான அளவு அனுமதி மட்டும்.

பழைய டொமைன் இன்னும் கைக்கு வரவில்லை. ஏற்கெனவே யாரிடமாவது "முழு இணைப்பு" வாங்கியிருப்பவர்கள், கடந்த மாத ஆன்லைன் பில்களின் பதிவு நேரத்தையும், எந்த லாகினில் பதிவானது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். விடுமுறை நாட்களில் பில் இல்லையென்றால், முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர்களுக்குப் போன் அதற்குப் பிறகு செய்யலாம்.