சுகர் ஃப்ரீ பிஸ்கெட்டா, சாதா மாரியா? பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து ஓர் ஒப்பீடு

சோற்றையும் இட்லியையும் நிறுத்திய பிறகும் ரத்தச் சர்க்கரை இறங்க மறுக்கிறதா? முதலில் தேட வேண்டிய இடம் வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகள். நாளைக்கு 40 கிராம் மாவுச்சத்து என்று வரம்பு வைத்திருப்பவர், மாலையில் நான்கு 'சுகர் ஃப்ரீ' பிஸ்கெட்டும் வெயிலுக்கு ஒரு பாக்கெட் லஸ்ஸியும் எடுத்தாலே அன்றைய கணக்கு தாண்டிவிடும். காலையிலிருந்து முட்டையும் கீரையுமாகச் சாப்பிட்டதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வீணாகிறது.

சென்னைக் கடைகளில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பொருள்களை இங்கே ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கிறோம். கொடுத்திருக்கும் அளவுகள் லேபிள்களில் வழக்கமாகக் காணப்படுபவை. பிராண்டுக்குப் பிராண்டு மாறும் என்பதால், கையில் இருக்கும் பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

எந்த வரியை முதலில் படிப்பது?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, ஊட்டச்சத்து அட்டவணையில் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து), மொத்த சர்க்கரை, சேர்த்த சர்க்கரை மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பலரும் நேராகக் கடைசி வரிக்குப் போய், அங்கே 0 இருந்தால் கூடையில் போட்டுவிடுகிறார்கள். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் 'லோ கார்ப்' முறை எடுப்பவருக்கு அந்த வரி மட்டும் போதாது.

காரணம் மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம் அல்லது மரவள்ளி ஸ்டார்ச்சைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி இது. நாக்குக்கு இனிப்பு தெரியாது. வேதியியல் கணக்கில் 'சர்க்கரை' வகையில் சேராது என்பதால் சர்க்கரை வரிகளில் ஏறாமல் கார்போஹைட்ரேட் வரியில் மட்டும் ஏறும். உள்ளே போனதும் குளுக்கோஸைப் போலவே வேகமாக ரத்தத்தில் கலக்கும். எனவே முதலில் மொத்த கார்போஹைட்ரேட், பிறகு சேர்மானப் பட்டியல், கடைசியில் சேர்த்த சர்க்கரை என்ற வரிசையில் படியுங்கள்.

சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரையை ஒரே பெயரில் போட்டால் இரண்டாம் இடத்தில் நிற்கும். அதையே சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பட்டியலின் அடிக்குப் போய்விடும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், ரைஸ் சிரப், பேரீச்சை சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட் எல்லாமே இதே குடும்பம்தான். இவற்றில் இரண்டுக்கு மேல் கண்ணில் பட்டால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிடலாம்.

சுகர் ஃப்ரீ பிஸ்கெட்டும் மாரி பிஸ்கெட்டும்

100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளலாம். மாவைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. சாதா மாரியில் 100 கிராமுக்கு 75 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கும். அதில் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை. சுகர் ஃப்ரீ வகையில் சர்க்கரை போய்விட்டாலும், மாவுச்சத்து 65 முதல் 75 கிராம் வரை அப்படியே நிற்கும். மைதாவோ கோதுமை மாவோதான் இன்னும் முதல் சேர்மானம்.

சர்க்கரை இருந்த இடத்தில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி உட்கார்ந்திருக்கும். லேபிளில் ஐஎன்எஸ் 965 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணாகவும் வரும். சர்க்கரை அளவுக்கு இல்லை என்றாலும், ஏறக்குறைய அதில் பாதி வேகத்துக்கு இதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். குடல் முழுதாக உறிஞ்சாததால் அதிகம் தின்றால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் இந்த வகை பாலியால்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பேதி எச்சரிக்கையை லேபிளில் போட்டே ஆக வேண்டும்.

இரண்டில் எது? தினசரிக்கு இரண்டும் வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் தட்டை நீட்டி, மறுக்க முடியாமல் போனால் ஒரே ஒரு மாரி எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 4 கிராம் மாவுச்சத்தோடு போகும். சுகர் ஃப்ரீ என்ற நம்பிக்கையில் நான்கு சாப்பிட்டால் 20 கிராம் ஆகிவிடும். நாட்டுச்சர்க்கரை போட்ட ராகி, கம்பு குக்கீஸும் இதே கணக்குதான். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், வெள்ளைச் சர்க்கரை நான்குக்கும் மணத்தில் வித்தியாசம் உண்டு. ரத்தச் சர்க்கரையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் கிடையாது.

டீயோடு கொறிக்க ஏதாவது வேண்டும் என்றால் 30 கிராம் வறுத்த வேர்க்கடலை போதும்: மாவுச்சத்து 5 கிராம், அதில் பாதி நார்ச்சத்து. தேங்காய்ச் சில்லு 30 கிராமும் இதையொட்டியே வரும். பாக்கெட்டில் வரும் மசாலா கடலை வேறு சரக்கு. அதன் மேல்பூச்சில் கடலை மாவு, அரிசி மாவு, சில பிராண்டுகளில் சர்க்கரையும் இருக்கும். உப்பு மட்டும் போட்ட கடலையையே கேட்டு வாங்குங்கள்.

இனிப்பூட்டி: பொடியா, மாத்திரையா, சொட்டா?

ஃபில்டர் காபியை விட முடியாதவர்களுக்கு இது முக்கியம். சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவை துளி அளவே போதுமானவை. அந்தத் துளியைக் கையால் எடுத்துப் போட முடியாது என்பதால், சாஷேயில் வரும் பொடியை டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ போட்டு நிரப்புகிறார்கள். ஒரு சாஷே 1 கிராம் என்றால் அதில் பெரும்பகுதி அந்த நிரப்பிதான். ஒரு காபிக்கு இரண்டு, நாளைக்கு மூன்று காபி என்றால் 5 கிராமுக்கு மேல் போகும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருக்கும் மாவுச்சத்தும் அவ்வளவுதான்.

மாத்திரைகளில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) நிரப்பி இருந்தாலும் மாத்திரையே குட்டி, அதனால் கவலைப்பட ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து போல வருவதில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பலகாரம் செய்ய எரித்ரிட்டால் (ஐஎன்எஸ் 968) உதவும். லேபிளில் கார்போஹைட்ரேட் 100 கிராமை ஒட்டிக் காட்டினாலும், கிராமுக்கு 0.2 கலோரிதான் தரும். ரத்தச் சர்க்கரையையும் ஏற்றாது. 'ஸ்டீவியா' என்று முன்னால் பெரிதாகப் போட்டுப் பின்னால் டெக்ஸ்ட்ரோஸ் முதல் சேர்மானமாக இருக்கும் டப்பாவை மட்டும் தவிருங்கள்.

இன்னொன்று. டம்ளரில் 100 மில்லி பால் இருந்தால் அதிலேயே 5 கிராம் லாக்டோஸ் உண்டு. சாஷேயை எண்ணுகிறவர்கள் பாலை எண்ண மறந்துவிடுகிறார்கள். மூன்று காபிக்கு 15 கிராம் ஆகிறதே! டிக்காக்ஷனைத் திக்காக இறக்கி, பாலைப் பாதியாகக் குறைத்தால் கிடைக்கும் லாபம் இனிப்பூட்டி மாற்றுவதைவிடப் பெரிது.

தயிர், பழ யோகர்ட், லஸ்ஸி, மோர்

சாதா தயிரில் 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் மாவுச்சத்து, எல்லாம் பாலிலேயே இருந்தது. பழ யோகர்ட்டில் 12 முதல் 16. இரண்டையும் கழித்துப் பார்த்தால் வருவது சேர்த்த சர்க்கரை. இனிப்பு லஸ்ஸி 200 மில்லி பாக்கெட் 24 கிராமைத் தொடும். மசாலா மோர்ப் பாக்கெட்டில் சர்க்கரை சேர்ப்பது வழக்கமில்லை. கோடம்பாக்கம் வெயிலில் கடை வாசலில் நின்று குடிக்க இதைவிட நல்லது எதுவும் இல்லை. 'கிரீக் யோகர்ட்' என்றாலே நல்லது என்று எடுத்துவிடாதீர்கள். அதிலும் ப்ளெயின், ஃப்ளேவர்டு என்று இரண்டு உண்டு.

தேங்காய்ப்பால்: டெட்ரா பேக்கா, பொடியா?

குருமாவுக்கும் சொதிக்கும் தேங்காய் அரைக்க நேரமில்லாதவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெட்ரா பேக்கில் தேங்காய்ச் சாறு, தண்ணீர், ஸ்டெபிலைசர் என்று இருந்தால் 100 மில்லிக்கு 2 முதல் 4 கிராம். பொடி அப்படி இல்லை. கொழுப்பு மிகுந்த பாலைப் பொடியாக உலர்த்தினால் ஒட்டிக் கட்டியாகும், அதைத் தடுக்க மால்டோடெக்ஸ்ட்ரினும் பால் புரதமான சோடியம் கேசினேட்டும் சேர்ப்பார்கள். 100 கிராம் பொடியில் 25 முதல் 35 கிராம் வரை மாவுச்சத்து வரலாம். நான்கு பேருக்கான குருமாவில் 50 கிராம் பொடி போட்டால் தலைக்கு 4 கிராம் என்று விட்டுவிடலாம். தினமும் காபியில் கலந்து குடிப்பவர் டெட்ரா பேக்குக்கு மாறுவதே சரி. பால் அலர்ஜி உள்ளவர்கள் பொடியைத் தொடவே கூடாது.

சாஸ், மயோனைஸ்

தக்காளி கெட்சப் ஒரு டேபிள்ஸ்பூன் 15 கிராம், அதில் 4 கிராம் சர்க்கரை. மிளகாய் சாஸ் காரமாக இருப்பதால் சர்க்கரை இருக்காது என்று எண்ண வேண்டாம், சேர்மானத்தைப் பாருங்கள். வீட்டில் அரைத்த தக்காளிச் சட்னி அதே அளவுக்கு 1 கிராம்கூட வராது. கிரில் சிக்கனோடு வரும் மயோனைஸில் வேறு சிக்கல். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. அதற்கு மாற்றாக வரும் முட்டையில்லா வகையில் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்ப்பது வழக்கம். சிக்கனுக்கு எலுமிச்சையும் புதினாச் சட்னியும் போதும்.

புரோட்டீன் பவுடர், 'டயாபடிக்' பவுடர், பார்

பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடியான வே ஐசோலேட் ஒரு ஸ்கூப்பில் 1 முதல் 3 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் ஊட்டச்சத்துப் பவுடரில் பாதியை ஒட்டி மாவுச்சத்து இருப்பது சாதாரணம். சாதாரண உணவு எடுப்பவருக்கு அது ஒரு வேளைக்கு மாற்றாக இருக்கலாம். லோ கார்ப் எடுப்பவருக்குப் பொருந்தாது. பார்களில் ஐஎம்ஓ என்ற ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடை நார்ச்சத்துக் கணக்கில் காட்டுவார்கள். அதில் ஒரு பகுதி செரித்துக் குளுக்கோஸாகிவிடும், நார்ச்சத்து என்று நினைத்து அதை மாவுச்சத்திலிருந்து கழித்துக் கணக்கிடாதீர்கள்.

இறக்குமதிப் பொருளில் ஒரு எச்சரிக்கை: அமெரிக்க லேபிளில் மொத்த கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடங்கும், கழிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் ஏற்கெனவே கழித்தே போட்டிருப்பார்கள். அதில் மறுபடி கழித்தால் கணக்கு தப்பும்.

இரண்டில் எது என்று இன்னும் சந்தேகமா?

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதையே கேட்டுவிடலாம். ஒரு நாள் ஒரு பொருள், மறுநாள் அதன் போட்டிப் பொருள். இரண்டு நாளும் ஒரே நேரம், ஒரே எடை, கூட வேறு உணவு எதுவும் இல்லாமல். சாப்பிடும் முன், 1 மணி நேரம் கழித்து, 2 மணி நேரம் கழித்து என்று மூன்று ஸ்ட்ரிப். விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பின்பே குத்துங்கள். பிஸ்கெட் பொடியோ பழச்சாறோ விரலில் ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக ஏறும். மால்டிட்டால், ஐஎம்ஓ உள்ளவை சிலருக்கு 2 மணி நேரம் கழித்தும் இறங்காமல் நிற்கும் என்பதால் மூன்றாவது ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் முன் டாக்டரிடம் டோஸைக் குறைத்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, மிகக் குறைந்த மாவுச்சத்தோடு சேரும்போது ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் அபாயம் உண்டு. அதில் குளுக்கோமீட்டர் சாதாரண அளவைக் காட்டிக்கொண்டே இருக்கக்கூடும். வாந்தி, மூச்சு வாங்குதல் வந்தால் அளவைப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.