அடுப்பில் வெந்த பேரலும் வேகாத கிரான்க் கேஸும்

அண்மையில் ரீபோர் செய்வதற்காக, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து சீராக்குவதற்காக, என் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் மோட்டார் சைக்கிளின் பேரலை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதியை)க் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் தம் வழக்கப்படி அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, போரிங் மெஷினில் கிளாம்ப் போட்டு இறுக்கி வேலையை முடித்துக் கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் நானே வீட்டில் அடித்துச் சுட்ட கறுப்புப் பூச்சு, கிளாம்ப் பதிந்த ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் உரியவில்லை. ஆனால், அதே டப்பாவிலிருந்து அடித்த கிரான்க் கேஸ் (பேரலுக்குக் கீழிருக்கும், எஞ்சினின் அலுமினிய அடிப்பெட்டி), கார்புரேட்டருக்கு நேர் கீழே, சொறி பிடித்ததுபோல் நிற்கிறது. வண்டியைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போகிறது.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சூடு மட்டுமே. எஞ்சினுக்கென்று விற்கப்படும் சிலிக்கோன் பிசின் கலந்த இந்தப் பூச்சுகள் காற்றில் காய்வதோடு முழுமை அடைவதில்லை. தின்னர் ஆவியானதும் கைக்கு ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பிசின் தனக்குள் பின்னிக்கொண்டு இறுகுவதற்கு 200 டிகிரியையும் தாண்டிய சூடு சிறிது நேரம் நிலைத்திருக்க வேண்டும். நான் வாங்கிய டப்பாவின் முதுகில் 120, 200, 315 டிகிரி என்று மூன்று படிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இடையிடையே அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் வைத்திருக்கும் ஓடிஜி மின்னடுப்பு 250 டிகிரியோடு நின்றுவிடும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாதா என்ன? மூன்றாம் படி சைலன்சர் குழாய்க்குத்தான் தேவைப்படும் என்று முடிவு செய்து, பேரலை 230 டிகிரியில் கூடுதல் நேரம் வைத்தேன். அது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

பூச்சை அடிப்பது எளிது. அதற்கு முன்னான வேலைதான் பொறுமையைச் சோதிப்பது. பல ஆண்டுகள் ஓடிய வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கியிருக்கும். மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் முடிந்து, தின்னரால் கழுவி, சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்த பேரலை வெறுமனே ஒருமுறை சூடாக்கிப் பார்த்தபோது, அதைச் சுற்றியுள்ள ஃபின்களின் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளின்) அடிப்பகுதியில் பழுப்பு நிற வியர்வை துளிர்த்து வந்தது. துடைத்து, மறுபடி சூடாக்கி, துணியில் கறை படியாத நிலை வரும் வரை இதைச் செய்த பிறகே பூச்சைத் தொட வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணெய் பூச்சுக்கு அடியிலிருந்து கிளம்பி, மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கிவிடும். அதே சமயம் அதிகம் காத்திருக்கவும் முடியாது. சென்னைக் கடற்காற்றில் பிளாஸ்டிங் செய்த இரும்பு ஓர் இரவுக்குள் மஞ்சள் பூத்துவிடும். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகங்களையும் சிலிண்டர் துளையையும் சூடு தாங்கும் டேப்பால் மூடியாக வேண்டும். சாதாரண மாஸ்கிங் டேப் அடுப்பில் கருகி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

ஃபின்களுக்கு இடையே பூச்சை இறக்குவது தனிக் கலை. நேராக நின்று அடித்தால் ஓரங்களில் தடித்து வழியுமே தவிர ஆழத்துக்குப் போகாது. முதலில் சாய்த்துப் பிடித்து உட்பகுதிக்கு மெல்லிய பூச்சுகள், பிறகுதான் வெளி ஓரங்கள். மெல்லியதாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. காற்றால் குளிரும் எஞ்சினுக்குத் தடித்த பூச்சு போர்வையைப் போர்த்தியது போலாகும்.

அடுப்பைப் பொறுத்தவரை, சமையலுக்குப் பயன்படுவதை இதற்குத் தொடவே கூடாது. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒன்றை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டேன். வெளிவரும் புகையும் நாற்றமும் வீட்டுக்குள் சகிக்கக்கூடியவை அல்ல. தின்னர் முழுதும் ஆவியாகும் முன் அடுப்பை மூடினால் உள்ளே தீப்பற்றவும் வாய்ப்புண்டு. அடுப்பின் குமிழ் காட்டும் டிகிரியை நம்பாமல், தனி வெப்பமானி ஒன்றைப் பேரலைத் தொட்டபடி வைக்க வேண்டும். அடுப்பின் காற்று சூடாகி வெகு நேரம் கழித்தே அவ்வளவு கனமான இரும்பு சூடாகிறது. நேரத்தை இரும்பின் சூட்டிலிருந்துதான் எண்ண வேண்டும். சூட்டுக் கம்பியை நேராகப் பார்க்கும் ஃபின்கள் மங்கிவிடாமலிருக்க நடுவே ஒரு தகரத் தகட்டை நிறுத்துவது நல்லது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். கிரான்க் கேஸை அடுப்பில் வைக்க வேண்டுமென்றால் பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்; பிரித்தாலும் வீட்டு அடுப்புக்குள் அது நுழையாது. இப்படி அடுப்பில் வைக்க முடியாதவர்களுக்காகவே டப்பாவில் ஒரு வரி இருக்கிறது: பாகத்தை வண்டியில் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டாலும் பூச்சு இறுகிவிடுமாம். பேரலுக்கு மேலே மூடியாக உட்காரும் ஹெட்டை ஒட்டிய பாகங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் புல்லட்டின் கிரான்க் கேஸில் அன்றாட ஓட்டத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதே அரிது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் 200 டிகிரி கேட்கும் பிசின் அங்கே இறுகப் போவதில்லை. இறுகாத அந்தப் பூச்சுக்குப் பெட்ரோல்தான் எமன். கார்புரேட்டரில் மிதவை சற்றே சிக்கி ஒரு சொட்டு வழிந்தாலும், விழுந்த இடம் ஜவ்வாக இளகி, துணி பட்டதும் சுருண்டு வந்துவிடுகிறது. மணல் தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, ஹாட் ஏர் கன்னால் காட்டியும் பார்த்தாயிற்று. அலுமினியம் சூட்டை வாங்கி எஞ்சின் முழுவதும் பரப்பிவிடுகிறது. பூச்சு கேட்கும் சூடு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. இந்த உண்மையை டப்பாவில் எழுதினால் விற்பனை பாதியாகும் போலும்.

நியாயமாகப் பார்த்தால் பேரலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ வழிந்தால் துணியால் ஒரு துடைப்பு, கறையே இருக்காது. கார்த்திகை மழையில் நனைந்து நின்ற பிறகும் ஃபின்களுக்கு நடுவே துரு எட்டிப் பார்க்கவில்லை. சாதாரண கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த காலத்தில் ஆண்டுதோறும் செதில் செதிலாக உரிந்ததை நினைத்தால், இது வேறு உலகம்.

இருந்தும், தம் புல்லட்டுக்கு இதைச் செய்யலாமா என்று ஒரு நண்பர் கேட்டபோது, வேண்டாம் என்றே சொன்னேன். பேரலை மட்டும் செய்துகொள்ளலாமே என்று அவர் வாதாடினார். பேரல் கறுப்பாக மின்னத் தொடங்கினால் அதன் கீழிருக்கும் அலுமினியம் அழுக்காகத் தெரியும், பிறகு கை சும்மா இருக்காது என்றேன். அவர் கேட்பதாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரலோடு மாடிக்கு வருகிறார்; டேப்பை அவரே வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.