நெடுந்தீவா, மன்னாரா, மட்டக்களப்பா? கையில் காசு குறைவு, நாள் நாலு

எல்ல, சிகிரியா, மிரிஸ்ஸ என்று எல்லாரும் போகிற பாதையை விட்டு இலங்கையைப் பார்க்க வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மூன்று ஊர்கள்: மன்னார், மட்டக்களப்பு, நெடுந்தீவு. உடனே அடுத்த கேள்வி வரும். "நாலு நாள்தான் இருக்கு, இதில் எதுக்குப் போறது?"

பஸ், ரயில் கட்டணத்தைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. மூன்றாம் வகுப்பிலோ அரசின் இ.போ.ச. சிவப்பு பஸ்ஸிலோ போனால் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வராது. சாப்பாடும் அப்படித்தான். காலையில் இடியப்பம், சொதி, சம்பல், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், இடையில் பிளேன்டீ. மூன்று ஊரிலும் வயிறு நிறையும், பையும் தாங்கும். பணம் கரைவது வேறு இடத்தில். போய் இறங்கிய பிறகு ஊருக்குள் எப்படிச் சுற்றப் போகிறீர்கள்? என் கணக்கில் மூன்றையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

மன்னாரில் இது நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து வரும் ரயில் மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார் வரை போகிறது. 1914இல் தனுஷ்கோடிக்குக் கப்பல் இணைப்போடு ஓடத் தொடங்கிய பழைய போட் மெயில் பாதை இது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பிறகு போர் இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தையும் விழுங்கியது. 2015இல்தான் தலைமன்னார் வரை ரயில் திரும்ப வந்தது. இந்தக் கதை தெரிந்து அந்த இறங்குதுறையில் நின்று மேற்கே பார்ப்பது ஒரு அனுபவம்.

நகரில் கழுதைகள் தெருவோரம் சாவகாசமாக நிற்கும். பள்ளிமுனையில் பெருக்க மரம் (பாவோபாப்) இருக்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி வந்தால் மரம் என்பதைவிட ஒரு வீட்டைச் சுற்றி வந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் நடந்தே பார்க்கலாம், காசே இல்லை. ஆனால் மன்னாரின் உயிர் நகருக்கு வெளியே இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோவிலான திருக்கேதீச்சரம் ஒரு பக்கம், வங்காலைப் பறவைகள் சரணாலயம் இன்னொரு பக்கம், தெற்கே அரிப்பில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் கட்டி இப்போது கடலோரம் சிதைந்து நிற்கும் மாளிகை, மடுமாதா கோவில் காட்டுக்குள். தலைமன்னாரே நகரிலிருந்து 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பஸ் உண்டு, ஆனால் நாம் நினைத்த நேரத்துக்கு இல்லை. ஒரு தடவை தலைமன்னாரில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், மாலை பஸ் போய்விட்டது. நகருக்குத் திரும்ப ஓட்டோவுக்குக் கொடுத்த காசு அன்றைய அறை வாடகைக்குக் கிட்ட வந்தது. தனியாகப் போகிறவருக்கு மன்னார் இப்படித்தான் செலவு வைக்கும். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஓட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொண்டால் கணக்கு அப்படியே மாறிவிடும்.

மட்டக்களப்பில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு சைக்கிள் போதும். பெரும்பாலும் சமதரை, எங்கே திரும்பினாலும் வாவி. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. அங்கிருந்து மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கல்லடிப் பாலம். அதைத் தாண்டினால் கடற்கரை, தெற்கே போனால் காத்தான்குடிச் சந்தை. நாள் முழுக்கச் சுற்றினாலும் சைக்கிள் வாடகை தவிர செலவில்லை. வெயில் ஏறினால் ஒரு கடையில் உட்கார்ந்து சட்டித் தயிரில் சீனி போட்டுச் சாப்பிடலாம். எருமைத் தயிர், கரண்டியால் வெட்டி எடுக்கிற அளவுக்குக் கெட்டி.

இரவில் ஒரு மீனவரிடம் பேசித் தோணியில் போங்கள். நிலவு வேண்டும், காற்று நின்றிருக்க வேண்டும். நாங்கள் போனபோது மீனவர் பாலத்துக்குக் கீழே துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் முனையைக் காதோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தம்புராக் கம்பியை யாரோ தூரத்தில் லேசாகச் சுண்டியது போல ஒன்று, அது அடங்குவதற்குள் இன்னொன்று. மீன் பாடுகிறது என்கிறார்கள். எங்களைக் கூட்டிப்போனவர், "மீன் இல்லை தம்பி, ஊரி" என்றார், அதாவது தண்ணீருக்கடியில் வாழும் நத்தை. எதுவாக இருந்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

மட்டக்களப்புக்கு வடக்கே இருக்கும் பாசிக்குடாவுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. கடல் அழகுதான், ஆனால் பெரிய ஹோட்டல்களின் ஊர் அது.

நெடுந்தீவு இந்த இரண்டிலும் சேராது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம் போல. தீவில் இறங்கியதும் கண்ணில் படுவது முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்கள். வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம், சாந்து இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கியவை. மேற்குப் பக்கம் வெட்டவெளியில் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை கட்டற்றுத் திரிகின்றன. வெயில் காலத்தில் தண்ணீருக்கு அவை படும் பாடு மனதை வருத்தும்.

அநேகம் பேர் காலையில் வந்து, ஓட்டோவோ சிறு லொறியோ பிடித்து, கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், குதிரை என்று ஓடிப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். காசும் அதிகம், பார்த்ததும் குறைவு. ஒரு இரவு தங்குங்கள். தங்குமிடங்கள் சிலதான், முதலே பேசி வைக்க வேண்டும். ஆனால் தங்கினால் அவசரம் போய்விடும், சைக்கிளிலும் நடையிலும் ஆறுதலாகப் பார்க்கலாம். கடைசிப் படகு போன பிறகு அந்தத் தீவு எப்படி அமைதியாகிறது என்பதையும் அப்போதுதான் உணர்வீர்கள். இதே கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகுப் பாதையில் போகிறோம் என்ற நினைவோடு போவது நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

சரி, எதற்குப் போவது? மாதத்தைப் பாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை என்றால் யோசிக்காமல் மட்டக்களப்பு. தனியாகப் போகிறவருக்கும் அதுதான், ஏனென்றால் அங்கே யாரோடும் ஓட்டோவைப் பங்கிட வேண்டியதில்லை. ஜனவரி, பிப்ரவரி என்றால் மன்னார், கூட ஓரிருவர் இருந்தால். வங்காலைப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருக்கும் காலம். விடியற்காலையில் உப்புநீர்ப் பரப்பில் அவை வரிசையாக நிற்பதைப் பார்க்க எந்தச் சீட்டும் வாங்க வேண்டாம். வெளிநாட்டவர் சிகிரியா ஏற டொலரில் கட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

நெடுந்தீவைத் தனிப் பயணமாக வைக்காதீர்கள். யாழ்ப்பாணம் போகும்போது ஒரு இரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று வீசும் நவம்பர், டிசம்பரில் மட்டும் வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். போகும்போது குடிதண்ணீர், டார்ச், சில்லறைக் காசு மூன்றையும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்பும் படகு நேரத்தை இறங்குதுறையில் நிற்பவரிடம் ஒரு தடவை, தங்குமிடத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை கேளுங்கள்.