மிட் டிரைவ் ஈ-மவுண்டன் பைக்குக்கு லிங்க்கிளைட் போட்டு ரெண்டு மழைக்காலம் ஓடினாப் பிறகு

மோட்டர் பெடலடியில இருக்கிற ஈ-மவுண்டன் பைக் வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். 12 கியர் செட் தேஞ்சு போச்சு, திரும்ப அதையே போடுறதா வேற எதுக்கும் மாறுறதா எண்டு யோசிக்கிறீங்கள் எண்டால் கியர் எண்ணிக்கையக் குறைச்சு, பல்லு மொத்தமா இருக்கிற செட்டுக்குப் போங்கோ. நான் ஷிமானோ கம்பனி கூட நாள் உழைக்கவெண்டே செய்த லிங்க்கிளைட் எண்ட 11 கியர் செட்டுக்கு மாறினனான், ரெண்டாவது மழைக்காலமும் தாண்டியிட்டுது, திரும்பிப் போற எண்ணம் துளியும் இல்ல.

என்ர பைக் கிழமை நாளில கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போற பைக், லீவு கிடைச்சால் வானில ஏத்திக்கொண்டு கண்டி ஹந்தானை மலைப் பக்கம். பழைய கசெட்ட, அதாவது பின்னுக்கு இருக்கிற பல்லுச் சில்லுகளின்ர அடுக்க, கழட்டிப் பார்க்கேக்க 50 பல்லு இருக்கிற பெரிய சில்லு புதுசு மாதிரியே கிடந்துது, 11, 13 பல்லுச் சின்னச் சில்லுகள்தான் சுறா மீன்ர பல்லு மாதிரி கூராகிப் போய் இருந்துது. மலையில தேயுது எண்டு எல்லாரும் நினைக்கிறது, ஆனா கொழும்பு ஓட்டத்தில காலி வீதி சிக்னல்தான் கசெட்டத் தின்னுது. சின்னச் சில்லில கொஞ்சப் பல்லுத்தான் செயினப் பிடிச்சிருக்கும், அந்த நேரம் பச்சை விழுந்தவுடன நீங்கள் உழக்கிற பலமும் மோட்டர்ர பலமும் சேர்ந்து அந்த நாலஞ்சு பல்லிலதான் வந்து விழுது. பொஷ் பெர்ஃபோமன்ஸ் லைன் சீஎக்ஸ், ஷிமானோ ஈபி8 மாதிரி மோட்டர் எல்லாம் 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு விசை குடுக்கும், அவ்வளவும் செயினாலதான் பின் சில்லுக்குப் போகுது. 12 கியர் எண்டால் செயினும் மெல்லிசு, பல்லும் மெல்லிசு. மோட்டர் இல்லாத பைக்கில காலுக்கு ஏத்த மாதிரி அடுத்தடுத்த கியர் நெருக்கமா இருக்கிறது பெரிய உதவி, அத நான் மறுக்கேல்ல, ஆனா மோட்டர் இருக்கேக்க அந்த இடைவெளிய அதுவே நிரப்பிப் போடும்.

மாத்த முதல் பின் ஹப்பில என்ன ஃப்ரீஹப் (கசெட் ஏறுற உருளை) எண்டு பாருங்கோ, இதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். 11 பல்லில தொடங்குற கசெட் கூடுதலா பழைய எச்ஜி ஃப்ரீஹப்பில ஏறும், 10 பல்லில தொடங்குறதுக்கு ஷிமானோ எண்டால் மைக்ரோ ஸ்ப்ளைன், ஸ்ராம் எண்டால் எக்ஸ்டி வேணும். என்னட்ட எச்ஜி. அதால ஸ்ராம் 2016ல ஈ-பைக்குக்கெண்டே விட்ட, எக்ஸ்டி தேவைப்படுற 8 கியர் ஈஎக்ஸ்1 எனக்குச் சரிவரேல்ல, ஆனா குறைஞ்ச கியர், மொத்தமான பல்லு எண்ட யோசனைய அவங்கள் அப்பவே பிடிச்சிட்டாங்கள். 2023ல வந்த ஸ்ராம் டிரான்ஸ்மிஷன் பெடல்ல பலம் இருக்கேக்கயே கியர் மாத்தவெண்டு செய்தது, நல்ல சாமான், ஆனா ஃபிரேமில யூடிஎச் எண்ட டிரெயிலியர் பூட்டுற பொது அளவு ஹாங்கர் இருக்கோணும், விலையும் என்ர கைக்கு எட்டாது. பாக்ஸ் பிரைம் 9, மைக்ரோஷிஃப்ட் அட்வெண்ட் எக்ஸ் எண்ட குறைஞ்ச கியர் செட் ரெண்டும் எச்ஜியில ஏறும், ரெண்டையும் கடைசி வரைக்கும் யோசிச்சனான்.

லிங்க்கிளைட்ட எடுத்ததுக்குப் பெரிய காரணம் செயின். 10 கியர் லிங்க்கிளைட் எண்டாலும் 11 கியர் எண்டாலும் சாதாரண 11 கியர் செயின்தான் போடுறது, கேஎம்சி மாதிரி வேற கம்பனிச் செயின் போட்டாலும் ஓடும். கொழும்பு டாம் வீதியில சைக்கிள் கடை கடையா ஏறி இறங்கினால் 11 கியர் செயின் ஆரிட்டையாவது கிடைக்கும், விசேஷமான கசெட் கேட்டால் ஓடர் பண்ணோணும் எண்டுதான் சொல்லுவினம். அடிக்கடி மாத்துற சாமான் ஊரில கிடைக்கோணும், எப்பவாவது மாத்துறது வெளியால இருந்து வந்தாலும் பரவாயில்ல. எனக்கு ஷிஃப்டர் (ஹாண்டிலில கியர் மாத்துற பிடி), டிரெயிலியர் (பின்னுக்குச் செயின நகத்துற பாகம்), கசெட் மூண்டையும் கனடாவில இருந்து வரேக்க மச்சான் கொண்டு வந்து தந்தவர். மூண்டும் சேர்த்துத்தான் வாங்கோணும், லிங்க்கிளைட்டுக்கு கேபிள் இழுக்கிற அளவு வேற, ஷிமானோவின்ர பழைய ஹைப்பர்கிளைட் (எச்ஜி) ஷிஃப்டரோட சேராது. முன்னுக்கு இருக்கிற செயின்ரிங்கையும் ஸ்டீல்ல மாத்தினனான், புதுச் செயின பழைய பல்லில ஓட விட்டால் ரெண்டும் பாழ்.

இப்ப ஓட்டம் எப்பிடி எண்டால், கியர் மாறுறது பழசவிடக் கொஞ்சம் ஆறுதல். பட்டெண்டு மாறாது, ஆனா மாறேக்க காலுக்கு அடி தெரியாது, ஏத்தத்தில மோட்டர் இழுத்துக்கொண்டு இருக்கேக்க மாத்தினாலும் முந்தி வாற அந்த டக் எண்ட சத்தம் இல்ல. ஹைப்பர்கிளைட்ட விட மூண்டு மடங்கு உழைக்கும் எண்டு ஷிமானோ சொல்லுது, அத நான் அளந்து பார்க்கேல்ல, ஆனா இப்ப ஓடுறது ரெண்டாவது செயின், கசெட் அதே கசெட், சின்னச் சில்லுகள்ர பல்லு இன்னும் சதுரமா நிக்குது. பாரம் கூடத்தான், இருபது கிலோ தாண்டின பைக்கில அத ஆர் கவனிக்கப் போறம். குறை எண்டால் பெரிய சில்லுகளுக்கு இடையில தாவல் பெரிசு, பற்றறி முடிஞ்சு மோட்டர் இல்லாம ஹந்தானை ஏத்தத்தில உழக்கினால் ரெண்டு கியருக்கு நடுவில ஒண்டு இருந்தால் நல்லம் எண்டு முழங்கால் சொல்லும்.

செட் எவ்வளவு மொத்தமா இருந்தாலும் மரைன் டிரைவ் உப்புக்காத்து விடாது. மழையில ஓடி வந்தால் அண்டைக்கே செயினத் துணியால துடைச்சு எண்ணெய் விடுங்கோ, இல்லாட்டி அடுத்த நாள் காலமை பார்த்தால் செம்மஞ்சளாத் துரு நிக்கும். செயின் அளக்கிற கேஜ் ஒண்டு வாங்கி வையுங்கோ, 0.5 (செயின் அரை வீதம் நீண்டிட்டுது எண்டு அர்த்தம்) காட்டினவுடன செயின மாத்தினால் கசெட் தப்பும். சிக்னலுக்குக் கிட்ட வரேக்க நிக்க முதலே ரெண்டு மூண்டு கியர் இறக்கிப்போட்டு நில்லுங்கோ, கியர் மாத்துற கணம் மட்டும் பெடல்ல பலத்தக் குறையுங்கோ.

பின் சில்லுக்குள்ளயே மோட்டர் இருக்கிற ஹப் மோட்டர் பைக் எண்டால் இந்தச் செலவு தேவையில்ல, அதில மோட்டர்ர பலம் செயினுக்கு வாறதே இல்ல, இருக்கிற 8, 9 கியர் செட்டையே புதுசாப் போட்டு ஓடுங்கோ.