முழு மயக்கமா, மரத்துப்போகும் ஊசியா?

குளச்சல் பாட்டாவுக்கு 78 வயது. பலவீனமான இதயம், பீடி இழுத்துக் கெட்ட நுரையீரல். கீழ்த்தாடையில் அறுத்தெடுக்க வேண்டிய ஒரு சின்னக் கட்டி.

முழு மயக்கம் என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். முடிந்தபின் தானாக மூச்சுவிடத் திணறலாம். நீண்ட, பெரிய அறுவை என்றால் பெரும்பாலும் அதுதான் வழி.

மற்றதில் தாடை நரம்பருகே ஊசி. சற்று நேரத்தில் கீழுதட்டில் பாதி, வீங்கியதுபோல மரத்துப்போகும். மூச்சு அவருடையதே. புபிவகைன் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் பல மணி நேரம் வலி தலைகாட்டாது. ஆனால் சீழ் கோத்திருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கவும் வேண்டும்.

பாட்டாவுக்கு என் ஓட்டு ஊசிக்கே. மரப்பு போகும்வரை சூடான கட்டன்சாயா மட்டும் கூடாது. உதடு வெந்தாலும் தெரியாது.