என் மேல் நோட்டீஸ் அனுப்புங்கம்மா!

மாடி அறைகளை நாள் வாடகைக்கு விடப்போகும் நண்பர் ஒருவர், லயபிலிட்டி பாலிசி அவசியமா என்று கேட்டார். வந்து தங்குபவருக்கு நம் வீட்டில் அடிபட்டு, நாம் நஷ்டஈடு தரவேண்டி வந்தால் அதைக் கட்டும் பொறுப்புக் காப்பீடு அது. பெங்களூரு ஜீவன் பீமா நகரில் நான்கு வருஷமாக இதே வேலையைச் செய்கிறேன். பீமா என்றால் இந்தியில் காப்பீடு. பேட்டையின் பேரிலேயே இன்சூரன்ஸ் இருந்தும் எனக்குப் புத்தி தாமதமாகத்தான் வந்தது.

ஸ்கூட்டருக்குக்கூட 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முன்பின் தெரியாதவர் வந்து தங்கும் என் வீட்டுக்கு யாரும் கேட்கவில்லை. 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாள்பவர்களுக்கானது. என் வீட்டில் அப்படி இருப்பது கேஸ் சிலிண்டர் மட்டும்தான். ஏர்பிஎன்பி என்ற ஆன்லைன் புக்கிங் தளம் வழியாக வருபவர்களுக்கு ஏதாவது ஆனால், அந்தத் தளமே 10 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு தருகிறது. போன் போட்டு நேரே வருபவர்களுக்கு அது கிடையாது. என்னிடம் பாதிப் பேர் அந்த ரகம். அதனால் தனிப் பாலிசி.

போன ஐப்பசி மழையில், சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எக்ஸ்ரே, மாவுக்கட்டு எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் கட்டினேன். மறுநாள் கம்பெனிக்கு போன் செய்தால், "நீங்க ஏன் சார் கட்டினீங்க?" என்கிறார்கள். அவர்களுடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் நான் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாதாம். பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது, பொடி எழுத்தில். "அவங்க நஷ்டஈடு கேட்டு உங்களுக்கு எழுதட்டும், பார்க்கலாம்."

அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வழுக்குனது என் காலு தம்பி, உங்களை என்ன கேக்கறது?" என்றுவிட்டார். சித்திரையில் ஒரு பெட்டி மல்கோவா வந்தது. நோட்டீஸ் வரவில்லை.

கம்பெனி மேல் தப்பில்லை என்பது எனக்கும் தெரியும். இது மருத்துவக் காப்பீடு அல்ல. சட்டப்படி நான் கொடுத்தாக வேண்டிய நஷ்டஈட்டுக்குத்தான் இது. அவர் மகன் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இதே பாலிசியைக் கும்பிட்டிருப்பேன். ஆனாலும் நல்ல மனுஷி வந்து விழுந்தால் பைசா கிடையாது, வம்புக்காரர் விழுந்தால்தான் பலன் என்றால் எரிச்சல் வராதா?

சரி, நண்பரே, நீங்கள் போடுங்கள். நாள் வாடகை என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். யாராவது விழுந்தால் முதலில் தூக்கிவிட்டு, அப்புறம் பணத்தை எடுக்குமுன் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

நான் படிக்கு வழுக்காத டேப் ஒட்டி, கைப்பிடியும் போட்டுவிட்டேன். பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்று மெசேஜ் வந்துவிட்டது. இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.