ஜெரமையா ஓப்ரையன், சான் பிரான்சிஸ்கோ: இன்ஜின் ஓடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள்

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்கள் கோல்டன் கேட் பாலம், அல்கட்ராஸ் சிறை என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் எஸ்.எஸ். ஜெரமையா ஓப்ரையன் கப்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அரை நாள் போதும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா மளமளவென்று கட்டித் தள்ளிய 2,700-க்கும் மேற்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில், இன்றும் சொந்த இன்ஜினில் ஓடும்படி காப்பாற்றி வைத்திருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பால்டிமோரில், இன்னொன்று இது. 1943 ஜூனில் மெய்ன் மாநிலத்தில் தண்ணீரில் இறங்கி, மறு வருடம் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸ் கடற்கரையில் இறங்கிய நார்மண்டி தரையிறக்கத்துக்காக ஆங்கிலக் கால்வாயில் 11 முறை போய்வந்து, அப்புறம் பசிபிக், இந்தியா, சீனா என்று சுற்றிய கப்பல்.

எந்த நாளில் போகிறோம் என்பது ரொம்ப முக்கியம். சாதாரண நாளிலும் ஏறிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் சில வார இறுதிகளில் கப்பலைக் கரையில் கட்டியபடியே கொதிகலனை மூட்டி இன்ஜினை ஓடவிடுகிறார்கள். தேதியை முன்கூட்டியே விசாரித்து அன்றைக்குப் போங்கள். செங்குத்தான இரும்பு ஏணிகளில் இறங்கி இன்ஜின் ரூமுக்குள் காலை வைத்ததும் சூடும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். எதிரே மாடி உயரத்துக்கு 2,500 குதிரைத்திறன் நீராவி இன்ஜின். ஒரே நீராவி மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து வேலை செய்கிறது. முதல் சிலிண்டரில் அழுத்தம் குறைந்துபோன நீராவி அதைவிடப் பெரிய இரண்டாவதுக்குப் போகும், அங்கிருந்து எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவதுக்கு. இன்றைய இன்ஜின்களைப் போல மூடிக் கட்டி வைக்காததால் ராடும் கிராங்கும் கண்ணெதிரே ஏறி இறங்குகின்றன. அதிவேகமெல்லாம் இல்லை, கடலில் 11 நாட் வேகத்தில்தான் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.) போகும், அதனால் ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பின்தொடர முடிகிறது. அங்கே நிற்கும் ஆயிலர், அதாவது இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக் கவனிப்பவர், சுற்றிவரும் கிராங்கின் தாளத்துக்கு ஏற்பக் கையை உள்ளே நீட்டி, பேரிங்கைத் தொட்டுச் சூடு பார்த்து, அடுத்த சுற்று வருவதற்குள் எடுத்துவிடுகிறார். திரும்பத் திரும்ப, பதற்றமே இல்லாமல். வீடியோவில் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நெஞ்சுத் துடிப்பு வராது.

இந்தக் கப்பல் இருப்பதற்கே காரணமான ஒரு அரசு அதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போர் முடிந்ததும் 1946-ல் இதைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே சுசூன் (Suisun) விரிகுடாவில் நூற்றுக்கணக்கான கப்பல்களோடு கட்டிப் போட்டார்கள். பிறகு லிபர்ட்டி கப்பல்களை உடைத்து விற்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. எதை முதலில் உடைப்பது என்று ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்துச் சொல்லும் வேலை தாமஸ் பேட்டர்சனிடம் வந்தது. அவர் நியூயார்க் பக்கத்தில் கிங்ஸ் பாயிண்ட் வணிகக் கடற்படை அகாடமியில் போர்க்காலத்தில் படித்தவர். அந்த அகாடமி பாடம் முடிகிற வரை காத்திருக்காமல் மாணவர்களைப் போர்க்கடலுக்கே பயிற்சிக்கு அனுப்பியது, 142 பேர் திரும்பவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் படித்துவிட்டு அமெரிக்கக் கடல்சார் நிர்வாகத்தில் சேர்ந்து, மேற்குப் பிராந்திய இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர்.

ஓப்ரையனில் ஏறியதும், கட்டிய காலத்து அமைப்பு பெரிதாக மாறாமல் அப்படியே இருப்பதைக் கவனித்தார். உடைக்க வேண்டிய கப்பல்களின் பட்டியலில் அதைக் கடைசிக்குத் தள்ளினார், முறை நெருங்க நெருங்க மறுபடி கடைசிக்குத் தள்ளினார். பதவியில் இருக்கிறவர் கையிலுள்ள சின்ன அதிகாரம்தான், ஆனால் கடல் தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இத்தனை டன் இரும்பு, இவ்வளவு விலை என்று எழுதி முடித்திருப்பார். ஒரு லிபர்ட்டி கப்பலாவது மிஞ்ச வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களை ஒன்றுசேர்த்ததும் பேட்டர்சன்தான். தன்னார்வலர்கள் அங்கேயே போய் இன்ஜினில் அப்பியிருந்த கெட்டிக் கிரீஸைச் சுரண்டி எடுத்து, கொதிகலனை மூட்டினார்கள். 33 வருடம் சும்மா நின்ற கப்பல் 1979 அக்டோபர் 6 அன்று யாரும் இழுக்காமல் தன் சொந்த நீராவியில் அந்த இடத்தை விட்டுக் கிளம்பியது. 1994-ல் நார்மண்டி தரையிறக்கத்தின் 50-ம் ஆண்டுக்காகப் பனாமா கால்வாய் வழியாகப் பிரான்ஸ் வரை போய்த் திரும்பியும் வந்தது. அந்தக் கப்பலை ஓட்டியவர்களில் பலர் போரில் கடலோடிய தாத்தாக்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் தளத்தில் முன்னும் பின்னும் பீரங்கிகள், மாலுமிகளின் சின்னச் சின்ன அறைகள், சுக்கான் அறை, எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இன்ஜின் ரூம் ஏணி நிஜமாகவே கஷ்டம். சேலை, வேட்டி வேண்டாம், வழுக்காத ஷூ போடுங்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்காதீர்கள். 2020 மே மாதம் பியர் 45 என்ற கப்பல் துறையில் பெரிய தீ பிடித்தபோது பக்கத்தில் நின்ற இந்தக் கப்பலைத் தீயணைப்புப் படகு தண்ணீர் பீய்ச்சிக் காப்பாற்றியது, அதற்கப்புறம் பியர் 35-க்கு மாற்றினார்கள். பழைய பதிவுகளை நம்பிப் போகாமல், இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் மரைன் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். கீழே வேலை பார்க்கும் தன்னார்வலர்களிடம் எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்கிறார்கள், வால்வைத் திறப்பதிலிருந்து கொதிகலன் பர்னரை மாற்றுவது வரை.